கேண்டிடேட் ஸ்கூல்

எங்கள் அத்திம்பேர், அதாவது அக்கா வீட்டுக்காரர், விசாரிப்பில் புலி. எனக்கு வரன் பார்த்தபோது ஸ்ரீரங்கத்தில் பால்காரர் முதல் பூக்காரம்மா வரை ஒருத்தரை விடவில்லை. மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு ஆஸ்துமா இருந்ததைக்கூடத் துருவி எடுத்துவிட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷர், வளைகுடாவில் வேலை கிடைத்துப் போனதும் தன் ஒரே பெண்ணை ஒன்பதாவதில் சேர்க்க இன்டர்நேஷனல் ஸ்கூல் பார்த்த லட்சணத்தை என்னவென்று சொல்ல! எனக்கு அனுப்பிய போட்டோவில் பாதிக்குமேல் நீச்சல்குளம்.

நான் திருச்சியில் ஒரு பள்ளியில் அட்மிஷன் பார்க்கிறவள். டி.சி.யும் மார்க் ஷீட்டும் புரட்டியே ரேகை தேய்ந்த கை. சும்மா இருக்குமா?

"அத்திம்பேர், குளம் கிடக்கட்டும். பத்தாவது சர்டிபிகேட் எந்த போர்டு பேர்ல வரும்? அங்கீகாரம் யார் கொடுத்திருக்கா? கேட்டேளா?"

"அசடு! வெப்சைட்லயே போட்டிருக்காளே, கேண்டிடேட் ஸ்கூல்னு. அத்தனை ஸ்கூல்ல இவாளைத்தான் செலக்ட் பண்ணியிருக்கா."

பெருமாளே! ஏதோ வெளிநாட்டு போர்டிடம் அங்கீகாரம் கேட்டு மனு போட்டிருக்கிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை, அதுதான் அதற்கு அர்த்தம்.

"எலெக்‌ஷன்ல நின்னவாள்ளாம் எம்.எல்.ஏ.வா அத்திம்பேர்? அந்த போர்டுக்கே ஒரு மெயில் போட்டுக் கேளுங்கோ."

"திருச்சியைத் தாண்டி உனக்கு என்ன தெரியும்?" போனை வைத்துவிட்டார். அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வேலை போய்க் குடும்பத்தோடு திரும்பினார். பிளஸ் ஒன் அட்மிஷனுக்கு என் மேஜைக்கே வந்தார்கள். பெண்ணின் பத்தாவது சர்டிபிகேட் கல்யாணப் பத்திரிகை மாதிரி மினுமினுத்தது. போர்டு பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அந்த ஸ்கூலின் பெயரே இருந்தது. தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டிருக்கிறது! விசாரித்தால், மனு எப்போதோ தள்ளுபடி. இதை வைத்துச் சேர்க்க முடியாது என்று நானே என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அத்திம்பேர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நறுக்கென்று நாலு கேட்க நாக்கு துறுதுறுத்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்தேன், அடக்கிக்கொண்டேன்.

பத்தாவதைத் தனியாக மறுபடி எழுதுவதுதான் வழி. விண்ணப்பத்தை நானே கம்ப்யூட்டரில் நிரப்பினேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'பிரைவேட் கேண்டிடேட்' என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"சித்தி, இப்போ நான்தான் கேண்டிடேட்டா?"