வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டது

ஹட்டன் ஆபீசில் உட்கார்ந்தபடியே கம்பெனியின் தேயிலைத் தோட்டங்களிலுள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏதாவது ஒன்று நெட்வொர்க்கிலிருந்து விடுபட்டால் உடனே கொழும்பு ஹெட் ஆபீசுக்கு எச்சரிக்கை போக வேண்டும் என்றார்கள். ஒரு தோட்டத்துக்கும் பஸ் ஏறாமல், ஒரே காலையில் எல்லாவற்றிலும் அதைப் பொருத்தி முடித்தேன். வாசகமும் நான் எழுதியதுதான்: "இணைப்பு வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டது." பயமுறுத்தினால்தான் கிளாக்கர்மார் ஒழுங்காக இருப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு மண்டைக்கனம் எனக்கு!

ஐப்பசி பிறந்தது. அந்த மாதம் எங்கள் மலையில் மத்தியானமானால் இடிதான். முதல் உறுமலுக்கே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் டீவி வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுவோம். நானும் அப்படி வளர்ந்தவன்தான். எச்சரிக்கையை எழுதும்போது அது எங்கே போய்த் தொலைந்ததோ, தெரியவில்லை.

கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த பெண்ணும் லயத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிப்பவர். இடி கேட்டதும் அவள் கம்ப்யூட்டர் வயரைக் கழற்றினாள். கழற்றியபோதெல்லாம் கொழும்பில் என் வாசகம் போய் விழுந்தது. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று அங்கே முடிவு கட்டிவிட்டார்கள். தோட்டத்து மேனேஜரான துரை அவளைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை நடந்தால் வீட்டுக்குப் போகலாம், கம்ப்யூட்டர்காரன் சொல்கிறபடி நட என்றாராம்.

எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணே, இடி இடிச்சா கழட்டத்தானே வேணும்? எரிஞ்சு போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

வாசகத்தை மாற்ற ஐந்து நிமிடம் போதும். மாற்றினால், தப்பாக எழுதியது நான் என்று கொழும்பில் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

"கழட்டாத தங்கச்சி. நான் சொல்றேன்ல, ஒண்ணும் ஆகாது."

"நீங்க சொன்னா சரிங்கண்ணே."

மூன்றாம் நாள் மின்னல் இறங்கியது. கம்ப்யூட்டர் கருகி, தொழிலாளர்களின் பல மாத வேலைநாள் பதிவுகளும் அதோடு போயின. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதேதான்.

துரையின் அறையில் விசாரணை. என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். சுவரோரம் நின்றேன், என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இடி நேரத்தில் வயரைப் போட்டு வைத்தது ஏன்? யாராவது சொன்னார்களா?" என்று கொழும்பிலிருந்து வந்தவர் அவளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாளோ என்றுதான் பயந்தேன், வெட்கங்கெட்ட நான்.

"யாரும் சொல்லலைங்க. எனக்குத்தான் மறந்து போச்சு."

அப்போதே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்ததும் அவளே பேசினாள், குரல் உடையாமல்.

"ஒங்க பேர சொன்னா ரெண்டு பேரு வேலையும் போவும். நம்ம லயத்துப் புள்ளைங்க ஆபீசுக்குள்ள எத்தன பேரு இருக்கோம்? நீங்களாச்சும் இருங்கண்ணே. நான் நாளைக்கு அம்மாவோட பெரட்டுக்குப் போறேன், கொழுந்து பறிக்க."

துரையின் கதவு திறந்துதான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும்.

"சரி தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தேன்.