பக்கத்து ஊர் அந்தாட்டிக்கா

மாத்தளை பஸ் நிலையத்தில் நிற்கும்போது பரீதாவின் தம்பி போன் பண்ணி, அக்கா இறந்த செய்தியைச் சொன்னார். "டீச்சர், ராத்தா மௌத்தாகிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." நான் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. பல வருஷம் என் பக்கத்து மேசையில் இருந்து புவியியல் கற்பித்தவர் பரீதா. கணக்கு டீச்சரான என்னைச் சீண்டாமல் ஒரு நாளும் தேநீர் குடிக்காதவர். அன்று எனக்குக் கடவுள் மேல் சரியான கோபம்.

நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நினைவிருக்கும், முதல் பாடத்தில் அவர் கேட்கும் கேள்வி. "நம்ம மாத்தளைக்குப் பக்கத்து ஊர் எது?" உக்குவளை, நாலந்தை என்று பிள்ளைகள் கத்துவார்கள். "இல்ல புள்ளைகளே, அந்தாட்டிக்கா!" நம் இலங்கையும் இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அந்தாட்டிக்காவும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்த காலத்தையும், நம் மலைப் பாறையின் சொந்தக்காரப் பாறை அந்தப் பனிக்கு அடியில் இருப்பதையும் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அடித்தாலும் விடமாட்டார்.

பிள்ளைகள் சேராததால் உயர்தரத்தில் புவியியல் வகுப்பை மூடப்போவதாகப் பள்ளி அதிபர் சொன்ன வருஷம் ஒன்று வந்தது. பெற்றோர் கூட்டத்தன்று ஆள் பிடித்தால்தான் உண்டு. பரீதா கோதுமை மாவில் கண்டங்கள் செய்து, பலகையில் இடைவெளி விட்டுப் பரப்பி வைத்தார். ஆனால் கை பழக்கத்தில், வீட்டில் ரொட்டிக்குப் பிசைவதைப் போலவே எண்ணெய் விட்டுத் தளர்த்தியாகப் பிசைந்திருந்தார். பெற்றோர் வந்து சேர்வதற்குள் மாவு இளகிப் படர்ந்து, ஆப்பிரிக்கா ஆஸ்திரேலியாவில் போய் ஒட்டிக்கொண்டது.

"கடல் எங்க டீச்சர்? கொத்து ரொட்டி போடவா வச்சிருக்கீங்க?" என்றார் ஒரு தகப்பன். மண்டபமே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பரீதா அசரவில்லை.

"சிரிங்க, சிரிங்க. இதுதான் அடுத்த பாடம். பிரிஞ்ச நெலம் நின்ன எடத்துல நிக்கல்ல, இப்பவும் நகருது. என்னைக்கோ ஒரு நாள் மறுபடி ஒண்ணாச் சேரும்னுதான் படிச்சவங்க சொல்றாங்க. நாம இருக்க மாட்டோம். அதுக்காக அது சேராமப் போகாது."

சிரித்த அந்த மனுஷன்தான் முதலில் தன் மகளைப் புவியியலுக்குச் சேர்த்தார். மற்றவர்களும் வந்தார்கள். வகுப்பு பிழைத்தது. மிஞ்சிய மாவைப் பரீதா உண்மையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோய் ரொட்டி சுட்டார். "கோளத்தையே தின்னுட்டோம்டி" என்று மறுநாள் என் முதுகில் ஒரு அறை வைத்தார்.

அடக்கம் முடிந்த மறுவாரம், புது ஆசிரியர் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த வகுப்புக்கே என்னை அனுப்பினார்கள். பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். புவியியலில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பரீதாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு கேள்விதான். சோக்கட்டியை எடுத்தேன்.

"நம்ம மாத்தளைக்குப் பக்கத்து ஊர் எது?"

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. மணி அடித்த பிறகும் நான் அவர்களை விடவில்லை.