இருபத்திரண்டு வினாடிகளுக்கு ஒரு பெயர்

"ஐயா, போன வாரம் நீங்கள் பாராட்டி எழுதிய கிட்டாரை நான் வாசிக்கவில்லை. அந்தப் படத்தின் பாடல்கள் பதிவானபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. ஸ்டூடியோ பக்கமே போகவில்லை. எனக்குப் பதிலாகப் போனது ரஷீத் என்று ஞாபகம். திருத்திப் போடவும். – கிளமென்ட், மயிலாப்பூர்."

ஞாயிறு என்று தேதியிட்ட கடிதம். பக்கத்திலிருக்கும் மந்தைவெளிக்கு, என் வீட்டுக்குப் புதன்கிழமைதான் வந்து சேர்ந்தது. அது வேறு கோபம், விடுங்கள்.

எனக்குப் பிடித்த கிட்டார் வாசிப்புகள் என்று இரண்டு வாரம் முன்பு இந்தப் பத்தியில் ஒரு பட்டியல் போட்டேன் அல்லவா? அதில் முதலிடம் பெற்ற இருபத்திரண்டு வினாடிகளைப் பற்றித்தான் கடிதம். கிளமென்ட் வாசித்தது என்று நாலு ரசிகர்கள் சொன்னார்கள். நம்பி எழுதிவிட்டேன். தேதி, கிழமை சரிபார்க்காமல் ஒரு வரி எழுதாதவன் நான்... வெட்கக்கேடு.

இதற்கா இத்தனை கலக்கம்? சொல்கிறேன். என் மனைவி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த மாதங்களில்தான் அந்தப் பட்டியலை எழுத ஆரம்பித்தேன். காத்திருக்கும் கூடத்தில் காதில் பாட்டு, மடியில் நோட்டு. எந்த வினாடியில் கம்பியை இழுக்கிறார், எங்கே சற்று நிறுத்துகிறார் என்று எழுதிக்கொண்டிருந்தால் பயம் கொஞ்சம் தள்ளி உட்காரும். அவள் நலமாக வீடு திரும்பிவிட்டாள். வாசித்தவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டாமா?

சனிக்கிழமை ஆதம்பாக்கம் போனேன். ரஷீத் பாய் மகள் வீட்டில் இருக்கிறார். பக்கவாதம் வந்ததில் இடது கை எழவில்லை. வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்க வழியில்லை. போனில் பாட்டைப் போட்டேன்.

"இப்ப இழுப்பான் பாரு சார்..." என்றார். இழுத்தது!

"அப்போ நீங்கதானே பாய்?"

"ரேடியோல நூறு வாட்டி கேட்டுகீறேன். தெரியாதா பின்ன?"

"அந்தப் பாட்டுக்கு வாசிச்ச ஞாபகம் இல்லையா?"

"பாட்டு இன்னான்னு எங்களுக்கு யார் சார் சொன்னது? காலைல ஒரு கால்ஷீட், மத்தியானம் ஒரு கால்ஷீட். நோட்ஸ் பேப்பர்ல 'செகண்ட் பிஜிஎம்'னு, பாட்டு நடுவுல வர்ற ரெண்டாவது மியூசிக்னு மட்டும் போட்டிருக்கும். கிட்டார் மட்டும் மூணு பேர் குந்தினு இருப்போம். வாசிச்சோம், எழுந்து வந்துகினே இருப்போம். பேர் சொல்லிக்கூட கூப்பிட மாட்டானுங்க. 'கிட்டாரு, கொஞ்சம் தள்ளி உக்காரு'ன்னுவான்."

டீ கொண்டுவந்த மகள் சிரித்தாள். "அத்தா, நான்தான்னு சொல்லிடேன். சார் பேப்பர்ல போடுவாரு. உன் பேரப்பசங்களாவது நம்பும்."

"அடி போடீ. கிளமென்ட் 'நான் இல்ல'ன்னு லெட்டர் போட்டுகீறான். நான் மட்டும் பொய் சொல்லணுமா?"

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தின் டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஜெனரேட்டர் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. சாப்பாடு போட்டவர் பெயர் இருக்கிறது. போடட்டும், பசித்தவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் இத்தனை வருஷமாக ஊரே முணுமுணுக்கும் ஒன்றை வாசித்தவரின் பெயருக்கு ஒரு வரி கிடையாதா? கேசட் உறையிலும் இல்லை. இப்போது பாட்டு கேட்கும் செயலியிலோ நடிகரின் முகம் மட்டும்தான்!

சரி, பண்பலையிலாவது மரியாதை உண்டா? வாத்தியம் ஆரம்பித்ததும் தொகுப்பாளர் பேச ஆரம்பிக்கிறார். அவருக்கு அது பாடகர் தண்ணீர் குடிக்கும் நேரம் போலிருக்கிறது.

தனக்கு வரும் புகழைத் திருப்பி அனுப்புகிறார் ஒருவர். கையில் கொடுத்தாலும் வாங்க மறுக்கிறார் இன்னொருவர். இப்படிப்பட்ட மனிதர்களிடம் வேலை வாங்கியவர்களுக்கு, ஒரு துண்டுச் சீட்டில் பெயரைக் குறித்து வைக்கத் தோன்றவில்லை!

ஆகவே திருத்தம்: அந்தக் கிட்டாரை வாசித்தவர் கிளமென்ட் அல்ல. ரஷீத் பாய்தானா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை. யாராக இருந்தாலும்... ஐயா, நன்றி.