பானை வைக்காத கடை

பூனை ஒன்று எலியைக் கவ்விக்கொண்டு வந்து கடை மேசைமேல் ஏறியது. ஹால்பர் இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் ஊன்றிக் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, "வாங்க வாங்க. வாங்கறீங்களா, விக்கறீங்களா?" என்று கேட்டார். பூனை எலியை மேசையில் வைத்தது. "நிச்சயமா?" என்றார். பூனை அவரைப் பார்த்தது. எலியை வாலைப் பிடித்துத் தூக்கி மேசைக்கு அடியில் போட்டுவிட்டு, பாலாடைக்கட்டியின் தோல் ஒரு துண்டை எடுத்து வைத்தார். "வேற ஏதாவது?"

எதிரே தரையில் பானைக்கடை பரப்பியிருந்த மிரெட் இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறாள். பெல்மார் கோட்டையிலிருந்து இறங்கும் தெருவில் முதல் கடை அவருடையது. அவருடைய பேச்சு கடைக்குள்ளேயே நிற்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். போன மாதம் வாயிற்காவலர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபோது, "வாங்கினா மட்டும் பத்தாது தம்பி, மாட்டிக்கணும். மாட்டாத சாமான் பையில கெடந்து என்ன புண்ணியம்?" என்றார். தோல் கவசம் வாங்கும் ஒவ்வொரு வீரரிடமும் அவர் சொல்கிற வாசகம்தான். கல்யாண வீட்டார் அதை இல்லறத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வீரர்கள் வாரத்துக்கு ஐந்தாறு பேர் வருவார்கள். மலைமேல் இருக்கும் ராஜா, பின்னால் பூட்டிய பதினாறு நகைப்பெட்டிகளை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு மரக்கழியைக் கொடுத்து உலகத்தைக் காப்பாற்றச் சொல்லி அனுப்புவார். அவர்கள் நேராக இறங்கி வந்து எந்த வீடு திறந்திருக்கிறதோ அதில் நுழைவார்கள். அலமாரியைத் திறப்பார்கள். மூலையில் இருக்கும் பானையைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டு உடைப்பார்கள். உள்ளே மூலிகையோ மருந்துப் புட்டியோ இருந்தால் எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று, "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்பார். உலகத்தைக் காப்பாற்றுகிறவரிடம் பானைக்குக் கணக்குக் கேட்பது நாகரிகமல்ல. மறுநாள் காலையில் அதே வீட்டுக்காரர் மிரெட்டிடம் வந்து புதுப் பானை வாங்குவார். "உலகம் ஆபத்துல இருக்கற வரைக்கும் எனக்கு ரொட்டி உண்டு" என்பாள் மிரெட். நிம்மதியாகத்தான் சொல்வாள்.

ஆனால் ஒரு சந்தேகம் அவளை வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. அவள் விற்பது வெறும் பானை. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கவிழ்த்துக் காட்டித்தான் கொடுப்பாள். அப்படியிருக்க உள்ளே மூலிகை எப்படி வந்தது? வீட்டுக்காரர்களைக் கேட்டால் சத்தியம் செய்கிறார்கள். தச்சர் பெண்டாட்டி ஒருநாள் அழாத குறையாகச் சொன்னாள்: "எங்க வீட்டுப் பானைல விஷமுறிவு மருந்து இருந்துச்சாம்க்கா. என் புருஷனுக்குத் தேள் கொட்டினப்போ தெருத்தெருவா அலைஞ்சேனே, அப்ப எங்க போச்சு அது?"

இன்னொரு சந்தேகம் ஹால்பரைப் பற்றியது. கடைக்கு வரும் எந்தப் பொருளையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, பாதி விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது கோட்டை உத்தரவு. ஆகவே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். ஓநாய்ப் பல், சதுப்பில் ஊரும் களிப்பூதங்களின் பிசுபிசுத்த கட்டி, வேர்வை காயாத தோல் தொப்பி, ஒற்றைக் காலணி, மீந்துபோன மூலிகை, மருந்துப் புட்டி. எடுத்ததில் ஒன்றுகூட அவருடைய அலமாரியில் ஏறி யாரும் பார்த்ததில்லை. அங்கே இருப்பது எப்போதும் அதே செப்புக் கத்தி, அதே தோல் கேடயம், அதே பச்சிலைக் கட்டு. கீழ்த்தட்டு காலி. அதை மட்டும் தினமும் துடைப்பார்.

"வாங்கினதெல்லாம் என்னய்யா பண்றே?" என்று ஒருமுறை கேட்டாள்.

"வாங்கினேன்."

"வாங்கினப்புறம்?"

"வாங்கினதுதான்."

"உங்கிட்ட பேசறதுக்கு அந்தப் பூனைகிட்ட பேசலாம்."

"அது பேரம் பேசாது" என்றார் ஹால்பர்.

காலையில் கடை திறக்குமுன் ஒரு நடை போவார். வேனிற்காலத்திலும் கணுக்கால் வரை கம்பளிக் கோட்டு. போகும்போது கரடி மாதிரி இருப்பார். வரும்போது குச்சி மாதிரி இருப்பார். வாதநீர் என்று ஊரில் பேச்சு. ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து நலம் விசாரிப்பார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார், மூலையாகப் பார்த்து நிற்பார். இவ்வளவு பேர் வீட்டுக்குப் போகிறவர் தன் வாசலில் மட்டும் ஒரு பானை வைத்ததில்லை. பெல்மாரில் பானை வைக்காத ஒரே வாசல் அது. மிரெட் அதைத் தன் கைவேலைக்கு நேர்ந்த அவமானமாகவே கருதி வந்தாள்.

மேசைக்குப் பின்னால் நிற்கிறவர் வீரரிடம் வியாபார வார்த்தை தவிர வேறு பேசக் கூடாது. இதுவும் உத்தரவு. விற்றது விற்றதுதான், திருப்பித் தரக் கூடாது என்பது அதைவிடப் பெரிய உத்தரவு. மெழுகுவர்த்தித் தெருவில் மூன்றாவது வீட்டில் இருக்கும் குவில் என்பவர் ஒரு காலத்தில் காலணிக்கடை வைத்திருந்தார். யாரோ ஒரு வீரர் அழுதார் என்று, அவரிடம் வாங்கின காலணியை அவருக்கே திருப்பிக் கொடுத்தார். மறுநாள் அவர் வீட்டில் கதவு இல்லை. சுவரில் கதவின் படம் இருந்தது. பிடி கையில் அகப்படாது. மத்தியானமானால் உள்ளிருந்து வெங்காய சூப்பு வாசனையும் இருமல் சத்தமும் வரும். அந்தத் தெருவில் நடக்கிறவர்கள் கொஞ்சம் மெதுவாகவே நடப்பார்கள். இது மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஹால்பர் கடை முன்னால் கோட்டைச் சேவகர் ஒருவர் கிழக்கே நாலடி, மேற்கே நாலடி என்று நடந்துகொண்டே இருப்பார்.

மிரெட்டுக்கு மேசை கிடையாது, அதனால் வாய்க்குப் பூட்டும் கிடையாது. இல்வி என்ற பெண் வீராங்கனையாக வந்து சேர்ந்த அன்றே அவளிடம் முழுக்கதையையும் கேட்டு வாங்கிவிட்டாள். வடக்கு ஏரிக்கு அந்தக் கரைப் பெண். அவள் தங்கையை ராட்சசன் தூக்கிப்போய் அங்கே அடைத்து வைத்திருக்கிறான். ஏரியைக் கடக்க ஒரே படகு. அதன் படகுக்காரர், இல்வி கழுத்தில் தொங்கும் எலும்பு ஊதலின் சத்தம் கேட்டால்தான் வருவார். வேறு எதற்கும் வர மாட்டார்.

மிரெட்டுக்குக் கதையைவிட ஆச்சரியமாக இருந்தது, அந்தப் பெண் பானை உடைக்காததுதான்.

"ஏம்மா, கை வலியா?"

"இல்லக்கா. அடுத்தவங்க வீட்டுச் சாமான எப்படி உடைக்கறது?"

"அதுக்குத்தானம்மா செஞ்சு வெச்சிருக்கேன்!"

"அழகா இருக்குக்கா. மனசு வரல."

மிரெட்டுக்குக் கோபமும் வந்தது, அன்று முழுக்க ஒரு பூரிப்பும் இருந்தது. ஆனால் பானை உடைக்காதவளுக்கு மூலிகை ஏது, மருந்து ஏது? பதினோரு நாளில் இரண்டு முறை ஓநாய் அவளைக் கொன்றது. கோயில் பூசாரி இரண்டு முறையும் எழுப்பிவிட்டார். வீரர்கள் செத்தால் பூசாரி எழுப்பிவிடுவார். விற்ற பொருளை எழுப்பத்தான் ஊரில் ஆள் இல்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவள் ஹால்பர் கடைக்கு வந்து பையை மேசைமேல் கவிழ்த்தாள். நின்றுகொண்டே தூங்கிவிடுகிற களைப்பு.

"வாங்க வாங்க. வாங்கறீங்களா, விக்கறீங்களா?"

"விக்கறேன். எல்லாத்தையும்."

"ஓநாய்ப் பல்லு நாலு. நிச்சயமா?"

"ஆமா."

"களிக்கட்டி பதினொண்ணு. நிச்சயமா?"

"ஆமா, ஆமா."

"ஊதல் ஒண்ணு. நிச்சயமா?"

"ஆமா."

கழுத்துக் கயிறு அறுந்ததால் ஊதலைப் பையில் போட்டிருந்ததை அவள் மறந்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த மிரெட்டும் என்ன பொருள் என்று கவனிக்கவில்லை. ஆனால் ஹால்பர் ஒரே பொருளுக்கு இரண்டாம் தடவை கேட்டதைப் பதினெட்டு வருஷத்தில் அன்றுதான் கேட்டாள்.

"நிச்சயமா?"

"அட, ஆமாங்கறேன்ல! எத்தன வாட்டி கேப்பீங்க?"

சேவகர் நாலாவது அடியில் நின்று திரும்பினார். ஹால்பர் ஊதலை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார். "வேற ஏதாவது?"

மறுநாள் காலையில் அவர் நடை போகவில்லை. சீக்கிரமே கடையைத் திறந்துவிட்டார். சத்திரத்திலிருந்து இல்வி தலை வாராமல் ஓடி வந்தாள்.

"அண்ணே, நேத்து தெரியாம அந்த ஊதல வித்துட்டேன். அது என் தங்கச்சிக்காகண்ணே."

"வாங்க வாங்க" என்றார் ஹால்பர். "வாங்கறீங்களா, விக்கறீங்களா?"

"வாங்கறேன்! என்ன வெல சொன்னாலும் தர்றேன். ஊதலக் குடுங்க."

ஹால்பர் செப்புக் கத்தியைக் காட்டினார். தோல் கேடயத்தைக் காட்டினார். பச்சிலைக் கட்டைக் காட்டினார்.

"ஊதல்ண்ணே!"

"வாங்கறீங்களா, விக்கறீங்களா?"

"உங்களுக்கு வேற பேச்சே வராதா? நீங்க மனுஷனா, மேசையா?" அவள் மேசையை இரண்டு கையாலும் அறைந்தாள். சேவகர் நின்று பார்த்தார். ஹால்பர் அதே இடத்தில் கையை ஊன்றி நின்றார். கழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தது. அவள் அழுதுகொண்டே போய் எதிரே நீரூற்றுப் படியில் உட்கார்ந்தாள்.

மிரெட்டுக்குத் தாங்கவில்லை. தெருவைக் கடந்து வந்தாள். "யோவ், நீயெல்லாம் நல்லா இருப்பியா? உன் கதவ எவனாவது படமா எழுதட்டும், நான் வந்து வெள்ளையடிச்சுட்டுப் போறேன்!"

"ஒரு பானை வேணும்" என்றார் ஹால்பர்.

"என்ன?"

"பானை. சின்னதா. இந்த வாசல்ல."

"பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் தோணிச்சா உனக்கு? ஒரு பொண்ணு அங்க அழுதுட்டிருக்கு, உனக்கு வாசல் அலங்காரமா?" திட்டிக்கொண்டேதான் போனாள். என்றாலும் வரிசையிலேயே நல்ல பானையைத்தான் எடுத்து வந்தாள். முதல் தடவை வைக்கிறான், குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. தட்டிக் காட்டினாள், கவிழ்த்துக் காட்டினாள், வாசலில் வைத்தாள். ஹால்பர் துணியோடு வெளியே வந்து குனிந்து பானையின் வாயை ஒரு தடவை துடைத்துவிட்டு மேசைக்குப் பின்னால் போய்விட்டார்.

வைத்த இடம் சேவகரின் காலடியில் படும் என்று மிரெட் அதை அரையடி நகர்த்தத் தூக்கினாள். உள்ளே ஏதோ உருண்டது.

அவள் கை அப்படியே நின்றது. வெறும் பானை, இப்போதுதான் கவிழ்த்துக் காட்டினாள். ஹால்பரைப் பார்த்தாள். அவர் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கரடியாகப் போய்க் குச்சியாகத் திரும்பும் கோட்டு, மூலை பார்த்து நிற்கும் நலம் விசாரிப்பு, தச்சர் வீட்டு விஷமுறிவு மருந்து எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. ஊரில் உடைந்த பானைகளில் கிடைத்ததெல்லாம் முந்தின வாரம் யாரோ அவரிடம் விற்றதுதான். விற்றதைத் திருப்பிக் கொடுத்தால் கதவு படமாகும். பானையில் கிடைப்பதை வீரர் எடுத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

மிரெட் பானையைப் பூப்போல் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா இல்வி, இங்க வா" என்றாள்.

இல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பானையைப் பார்த்ததும் கால் படாமல் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"இத உடை."

"வேணாங்க்கா. எனக்கு இப்ப ஒண்ணும் வேணாம்."

"உடைன்னா உடை."

"உங்க பானைய நான் உடைக்க மாட்டேங்க்கா."

சேவகர் கிழக்கே போய்த் திரும்பி நின்று கேட்டார்: "என்ன அங்க?"

மிரெட் தொண்டையைச் செருமினாள். தன் பானையில் குறை என்று எவன் சொன்னாலும் அவன் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடுகிறவள். இப்போது தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "இது விரிசல் விட்ட பானைங்க. சூளைல கோட்ட விட்டுட்டேன். நாலு பேர் பாத்தா எனக்கு மானம் போயிடும். நானே உடைச்சா வீரர் வேலைய செஞ்சேன்னு நீங்க பிடிப்பீங்க." பிறகு இல்வியிடம் குரலைத் தாழ்த்தினாள். "என் மானத்தக் காப்பாத்தும்மா. எனக்காக இது ஒண்ணு செய்ய மாட்டியா?"

ஹால்பர் கடை நேரத்தில் வாடிக்கையாளருக்கு முதுகு காட்டியதே கிடையாது. இப்போது துணியை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, காலியான கீழ்த்தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

இல்வி பானையைத் தலைக்குமேல் தூக்கினாள். பழக்கமில்லாத கை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்.

சேவகர் ஓட்டுச் சில்லுகளைப் பார்த்தார், நடுவே கிடந்த ஊதலைப் பார்த்தார், அந்தப் பெண் அதைப் பொறுக்கி எடுப்பதைப் பார்த்தார். வழக்கமான காரியம். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு மேற்கே நாலடி நடந்தார்.

இல்வி மிரெட்டின் கையைப் பிடித்தாள், விட்டாள். கடைக்குள் தெரிந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஊதலை வாயில் கவ்விக்கொண்டு வடக்கு வாசலை நோக்கி ஓடினாள்.

அவள் காலடிச் சத்தம் அடங்கும் வரை ஹால்பர் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் வெளியே வந்து குனிந்து ஒரு சில்லை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரிசலைத் தேடி விளிம்பெல்லாம் கட்டைவிரலை ஓட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. மிரெட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தன் பானைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போய், அந்தச் சில்லைத் துணியால் ஒரு தடவை துடைத்து, பதினெட்டு வருஷமாக ஒன்றும் ஏறாத அந்தக் கீழ்த்தட்டில், தெருவைப் பார்த்தாற்போல் நிறுத்தி வைத்தார்.