சுழலும் கூண்டில் ஒருவன்

மாதேஷின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டே பாதிவரை வாசித்துவிட்டு நீங்கள் ஏமாந்துபோக வேண்டாம்.

நான் அவரைத் தொடக்கூட இல்லை. ஒரு கதை சொன்னேன், அவ்வளவுதான். அதுவும் உண்மைக் கதை. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய ஒரு டாங்கியின் கதை.

ஓசூரில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புக்கும் பிரெஞ்சு டாங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தத்தை உண்டாக்கியவள் நான்.

மூக்கண்டப்பள்ளியை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் நான் பொறியாளர். பைக்குகளுக்கு இரும்புத் தகட்டில் உதிரிபாகம் அடித்துக் கொடுக்கிறோம். எந்த மெஷினுக்கு எத்தனை ஆள் போதும் என்று பார்ப்பது என் பொறுப்பு. மரியாதையாகச் சொன்னால் உற்பத்தித் திறன். உள்ளபடி சொன்னால் ஆள் குறைப்பு.

கல்லூரிக் கடைசி ஆண்டில் அந்த டாங்கியைப் பற்றித்தான் செமினார் கொடுத்தேன். பி-ஒன் என்று பெயர். முதல் போர் முடிந்த கையோடு அதை யோசிக்கத் தொடங்கினார்கள். பல கம்பெனிகளிடம் மாதிரிகள் செய்யச் சொல்லி, ஒன்றில் இதையும் இன்னொன்றில் அதையும் எடுத்து ஒட்டினார்கள். குழு கூடும், திருத்தம் சொல்லும், கலையும். கவசம் தடித்தது, எடை ஏறியது, வருடங்கள் ஓடின. அடுத்த போர் வாசலுக்கு வந்த பிறகுதான் பட்டறையிலிருந்து ஒழுங்காக வெளியே வர ஆரம்பித்தது.

பெரிய பீரங்கியை உடம்பிலேயே பொருத்தியிருந்தார்கள். அது பக்கவாட்டில் திரும்பாது. குறிபார்க்க வேண்டுமென்றால் ஓட்டுநர் மொத்த டாங்கியையும் இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். அதற்கென்றே நுட்பமான ஒரு திருப்பு அமைப்பைச் செய்தார்கள். அந்த வரைபடத்தை நான் ரசித்து ரசித்துப் பார்த்தது உண்டு. எத்தனை அறிவு... எத்தனை உழைப்பு!

மேலே சுழலும் கூண்டில் இன்னொரு சிறிய பீரங்கி. கூண்டுக்குள் ஒரே ஒருவருக்குத்தான் இடம். அவர்தான் தளபதி. பீரங்கியில் குண்டை நிரப்ப வேண்டும், குறிபார்க்க வேண்டும், சுட வேண்டும். எதிரி எங்கே, நம் ஆட்கள் எங்கே என்று இடுக்கு வழியாகப் பார்க்கவும் வேண்டும், கீழே இருப்பவர்களுக்குக் கட்டளையும் கொடுக்க வேண்டும். ஏன் ஒருவர்? கூண்டு சிறிதானால் எடை குறையும். ஆளும் மிச்சம்.

இந்தக் காரணத்தை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் பிரஸ் ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தகட்டை அச்சுக்குள் வைத்துப் பெடலை மிதிப்பார், மேல் அச்சு இறங்கி அடிக்கும். மற்றவர் அடித்த பாகத்தை எடுப்பார், கண்ணை அங்கேயே வைத்திருப்பார். இரண்டாவது ஆளை எடுத்துவிட்டு, முதல் ஆளிடமே பக்கத்திலிருக்கும் வெல்டிங் மெஷினையும் ஒப்படைப்பது என் திட்டம். மேலே எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

கீழே பிடிக்கவில்லை. அங்கே மற்றவர்கள் மாதேஷின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். கல்லாவிக்காரர். ஊரில் நிலம் இருந்தது, தண்ணீர் இல்லை. தெலுங்கர்களிடம் தெலுங்கு, கன்னடர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று சளைக்காமல் பேசுவார். திட்டத்தைச் சொல்ல நான் கூட்டிய கூட்டத்தில் அவர்தான் எழுந்தார்.

"ரெண்டு பேரு பாக்கற வேலைய ஒருத்தன் பாத்தா, கண்ணு எங்க மேடம் இருக்கும்? இங்கியா, அங்கியா?"

சரியான கேள்வி. என் செமினாரின் கடைசிப் பக்கமே அந்தக் கேள்விதான்.

நான் டாங்கியை எடுத்தேன். கூண்டுக்குள் ஒற்றை ஆள் எல்லாவற்றையும் பார்த்தார் என்றேன். எதிரியின் சிறிய பீரங்கிக் குண்டுகள் அந்தக் கவசத்தில் பட்டுத் தெறித்து விழுந்தன என்றேன். எதிரிகளே மிரண்டார்கள் என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை! பிறகு நிறுத்திக்கொண்டேன். பொய் அந்த இடத்தில்தான் இருந்தது.

அவர்கள் மலர்ந்துபோனார்கள். உங்களால் முடியாதா என்று நான் கேட்டபோது ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை. மாதேஷ் மட்டும் உட்காருவதற்கு முன் கேட்டார்.

"அப்பறம் அந்த டாங்கி என்ன ஆச்சு மேடம்?"

அது பெரிய கதை, இன்னொரு நாள் சொல்கிறேன் என்றேன். டீ வந்துவிட்டது.

என்ன ஆயிற்று என்று உங்களுக்காவது சொல்கிறேன். கூண்டுக்குள் இருந்தவர் குண்டை நிரப்பும்போது வெளியே பார்க்கவில்லை. வெளியே பார்க்கும்போது சுடவில்லை. எதிரி டாங்கிகளில் பலவற்றின் கூண்டுகளில் மூன்று பேர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். கவசம் மெலிவு, ஆனால் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். பி-ஒன்கள் பல, எரிபொருள் தீர்ந்தும் பழுதாகியும், சொந்த ஆட்களாலேயே வழியில் விடப்பட்டுக் கிடந்தன. தேசம் சில வாரங்களில் விழுந்தது.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

மாதேஷை எல்லோரும் 'டாங்கி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான். ஒரு மதியம் வெல்டிங் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. தலை அந்தப் பக்கம் திரும்பியது, கால் பழக்கத்தில் பெடலை மிதித்தது. இடது கை இன்னும் அச்சுக்குள் இருந்தது.

விசாரணையில் கவனக்குறைவு என்றார்கள். கவனம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் வைக்கச் சொன்ன இடத்தில் இருந்தது. இருந்தும் தலையாட்டினேன்.

மருத்துவமனைக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். திட்டுவார்கள் என்று தயாராக வந்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்... மாதேஷ் கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"என் தப்புதான் மேடம். அந்தக் கூண்டுல இருந்தவன் எல்லாத்தியும் பாத்தான். எனக்குத்தான் முடியல."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். அவனாலும் முடியவில்லை, மாதேஷ். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்து அவர் என்ன கேட்பார் என்று தெரிந்ததால் விழுங்கினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு அவரைப் பயிற்சி அறைக்கு மாற்றினார்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு மெஷின் பழக்குகிறார். திட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு பிரஸ்ஸுக்கு ஒரு ஆள். இப்போது கை வைக்கும் இடத்தில் ஒரு தடுப்பு மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்குப் பதவி உயர்வும் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சென்ற வாரம் அந்த அறையைக் கடந்து போனேன். உள்ளே மாதேஷ் டாங்கிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். என் வார்த்தைகள், என் வரிசை! குண்டு பட்டுத் தெறிக்கும் இடத்தில் விரல் குறைந்த கையை நான் செய்வதைப் போலவே வீசினார். யாரோ ஒரு பெண், பின் வரிசையிலிருந்து, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

அவர் வாசலில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தோ, மேடமே வந்துட்டாங்க. நானும் அத தெரிஞ்சிக்கத்தான் காத்துக்குனு இருக்கேன்."

எல்லாத் தலைகளும் திரும்பின. அந்தப் பெண் மறுநாள் பிரஸ்ஸுக்குப் போகப் போகிறவள்.

மீட்டிங் இருக்கிறது, இன்னொரு நாள் சொல்கிறேன் என்றேன். எனக்கு எந்த மீட்டிங்கும் இல்லை.