மதினியின் மொட்டுப் பெட்டி

அந்த ஓலைப்பெட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுப் புறவாசல் ஆணியில் தொங்கும். வெயில் ஏறுவதற்குள் அதைச் செம்பருத்தி மொட்டுகளால் மதினி நிறைத்துவிடுவார். ஒன்றுகூட விரிந்திருக்காது. “தெருமுனைப் பிள்ளையாருக்கு” என்பார். மொட்டாகப் பறித்துச் சாமிக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான் என்பதால் யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை.

யுத்தகாலம் அது. மதினியின் கணவரான என் அண்ணன் பட்டாளத்துக்குப் போயிருந்தார். அம்மா விடிந்ததும் வயக்காட்டு வேலைக்குப் போய்விடுவாள். நடை பழகிக்கொண்டிருந்த அண்ணன் மகளைப் பார்த்துக்கொள்வது மதினி ஒருவர்தான். அரிசி கிடைப்பதே அரிதாக இருந்தபோது பின்பக்கத் தோட்டத்துப் பூசணியும் பாகலும்தான் எங்களுக்கு ஆதரவு. ஆனால் கொடிகள் பூத்துக் குலுங்கியும் பிஞ்சுகள் விரலளவிலேயே மஞ்சளித்து உதிர்ந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். தேனீ வந்து பூந்தூளைச் சேர்த்தால்தான் காய் பிடிக்கும் என்று வகுப்பில் படித்திருந்தேன். பூசணி பூக்கும் சில வாரங்களுக்காக மட்டும் தேனீ வராது. ஆண்டு முழுவதும் அதற்கு இரை வேண்டும். ஆகவே, ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் நிற்கும் செடிகளாகவும், ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று பூப்பவையாகவும் தேடினேன். வீட்டிலிருந்த செம்பருத்தியோடு துளசி, மருதாணி, முருங்கைப் போத்து, செண்பகத்தோப்புப் பாதையில் ஒடித்துவந்த நொச்சிக் கம்பு எல்லாவற்றையும் கிணற்றைச் சுற்றி நட்டேன்.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். “ஏலே, படிச்சு படிச்சு கடைசியில ஈக்குப் பந்தி வைக்கியாக்கும்! இலை எம்புட்டு போட்டிருக்க?”

மதினி சிரிக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செடிகள் தழைத்துப் பூக்கத் தொடங்கின. ஆனால் தேனீயைக் காணோம். துளசிக் கதிர் கஷாயத்துக்குப் போனது. முருங்கைப்பூ பொரியலானது. மருதாணிப்பூவைத் தூக்கம் நன்றாக வரும் என்று மதினி தலையணைக்குள் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒருநாள் கிணற்றடிக் குப்பையில் நொச்சிப் பூங்கொத்துகள் கசங்கிக் கிடப்பதைப் பார்த்தேன். நொச்சிப்பூவை யாரும் சாமிக்கு வைப்பதில்லை, சமைப்பதுமில்லை. வேண்டுமென்றே மிதித்து நசுக்கியிருந்தது.

மதினியிடம் கேட்டேன். அவர் பிறந்த ஊர் கான்சாபுரம். மலையடிவாரத்துக்கு விறகுக்குப் போன அவருடைய தகப்பனாரை மலைத்தேனீ கொட்டிக் கொன்றுவிட்டது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“அய்யா ஓடுனாக. ஓட ஓடக் கூட்டம் பொறத்தாலயே போச்சு. கொண்டாந்து கிடத்துனப்ப எனக்கு மொகமே தெரியல. அந்த ரீங்காரம் இன்னும் காதுல இருக்கு தம்பி.”

“அது மலைத்தேனீ, மதினி. இங்க வாரது சின்ன ஈ…”

“நான் மலை ஈ, நான் வீட்டு ஈன்னு நெத்தியிலயா எழுதியிருக்கு? பட்டாளத்துல இருந்து அவிய வந்து, எம்பிள்ளை எங்கட்டின்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“எல்லாத்தையும் புடுங்கிருதேன்” என்றேன். மதினி பிள்ளையின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தார். “செத்த பொறு” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கும் ரீங்காரம் பழையபடி கேட்கவில்லை. தோட்டத்தில் ஒரு வண்டு பறந்தாலும் முகம் தெரியாமல் கிடந்த அந்த மனிதர் கண்முன் வந்து நின்றார். புத்தகத்தில் தேனீயின் படம் இருந்தது. இந்தப் பயம் அதில் இல்லை.

ஒருநாள் காலை, மதினியின் கண்ணுக்குத் தப்பிய ஒரு துளசிக் கதிரில் நாலைந்து தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. பிள்ளை அதன் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டியிருந்தது. ஒரு தேனீ அதன் மணிக்கட்டில் ஏறி ஊர்ந்தது. கிணற்றடியில் குடத்தோடு நின்ற மதினியும் பார்த்துவிட்டார். பாய்ந்து தூக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். மதினி ஓடவில்லை. குடத்தை ஓசைப்படாமல் இறக்கினார். உதடு வெளுத்து, “அசையாத கண்ணு, அம்மாவைப் பாரு… அம்மாவையே பாரு” என்று தாலாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே நின்றார். தேனீ விரல் நுனிவரை வந்து, நின்று, பறந்தது. பிள்ளை சிரித்தது. மதினி அப்படியே தரையில் சரிந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: “நான் ஓடலைல்ல தம்பி? ஓடலைல்ல?”

மறுநாள் பெட்டி பாதிதான் நிறைந்திருந்தது. மீதிப் பூக்கள் செடியில் விரிந்தன. ஆடி முடிவதற்குள் பூசணி காய்த்தது.

அண்ணன் பட்டாளத்திலிருந்து திரும்பிவிட்டார். மகள் இப்போது பூச்செடிகளுக்கிடையில் ஓடி விளையாடுகிறாள். ஓலைப்பெட்டி அதே ஆணியில்தான் தொங்குகிறது. பிள்ளையாருக்கென நாலைந்து மொட்டுகள், அவ்வளவுதான். வெயில் ஏறி ரீங்காரம் தொடங்கியதும் மதினி புறவாசலுக்கு வந்துவிடுவார். பிள்ளைமேல் போட்டு மூடுவதற்காக நனைத்த சாக்கு ஒன்று கையில் இருக்கும். “எதுக்கு அது?” என்று அண்ணன் கேட்டால் “சும்மாத்தான்” என்பார். சத்தம் ஓயும்வரை அந்தப் பெட்டிக்குக் கீழேயே நிற்பார். சாக்கிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.