தொடையில் தேய்த்த களிம்பு

கோல்ரெயின் வட்டாரத்தில் செம்மறிப் பண்ணைக்காரி மெரின் ஊசி போட்டால் கடாகூட இரட்டைக் குட்டி போடும். கடா என்றது மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டை ஆடுகள் போட்டது பொய்யில்லை. பெட்டைக்குள்ளேயே ஊறுகிற ஆண் சுரப்பைக் கட்டிப்போடும் தடுப்பூசி அது. கட்டிப்போட்டால் சினைமுட்டை கூடுதலாக இறங்கும். பதினைந்து வருடமாக அதைத் தன் கையாலேயே போட்டு வந்தவள் மெரின்.

அவள் வயிற்றில்தான் ஒன்றும் தங்கவில்லை. நாற்பத்திரண்டாம் வயதில் நகரத்து டாக்டரம்மாவிடம் போனபோது, சோதனைக் குழாய் முறையில் இரண்டே சுற்றுத்தான், அதற்குமேல் அவளுடைய சினைப்பையை நம்பிப் பயனில்லை என்று சொல்லிவிட்டார். கூடவே ஆண் ஹார்மோன் களிம்பு ஒன்றைக் கொடுத்தார்.

"தினமும் காலைல தொடைல தேய்ங்க. ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் ஊசி."

திரும்பும் வழியில் மெரினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்தம்மா ஆட்டுப் பட்டிப் பக்கமே போனதில்ல போலிருக்கு. குறைக்க வேண்டியதப் போய்க் கூட்டச் சொல்றாங்க!"

"உனக்கு மீசை வந்தா சொல்லிடு, நான் கம்பளி மூட்டை மேல படுத்துக்கறேன்," என்றான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் டெஸ்.

அவள் தேய்க்கவில்லை. அவனுக்குத் தெரியாமல் தினமும் ஒரு பிதுக்குப் பிதுக்கித் தண்ணீர்த் தொட்டியில் கழுவிவிட்டாள். முதல் சுற்றில் ஒரே முட்டை. அதுவும் கருவாகவில்லை.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"ஆட்டுக்கு முட்டைக்குப் பஞ்சமில்ல மெரின், தடையை எடுத்தா போதும். உங்களுக்கு மிச்சமிருக்கிறதே கொஞ்சம், அதுவும் பொடிசா தூங்குது. பொம்பளையோட சினைப்பை தானே சுரக்கிற ஆண் ஹார்மோன்தான் அதுங்கள எழுப்பி, நாங்க போடுற ஊசிக்குப் பதில் சொல்ல வைக்குதுன்னு நினைக்கிறோம். வயசாக ஆக அந்தச் சுரப்பு குறையுது."

"அப்ப, தேய்ச்சிருந்தா?"

"தெரியாது. சிலருக்குக் கேக்குது. நெறயப் பேருக்குக் கேக்கறதில்ல."

இரண்டாம் சுற்றுக்குத் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். மோவாயில் மூன்று முடி முளைத்தது. அவள் மடியில் தூங்கியதால் பெண் நாய் பிக்ஸி காலைத் தூக்கி வேலிக்கம்பத்தை நனைக்கிறது என்று டெஸ் ஊரெல்லாம் பரப்பினான். மூன்று முட்டை கிடைத்தது. அதில் ஒன்று கருவானது. ஐந்தாம் நாள் வாருங்கள், கருப்பையில் வைத்துவிடலாம் என்றார்கள்.

அந்த ஐந்தாம் நாள் பண்ணையில் ஆடுகளுக்குச் சினை ஸ்கேன். பத்து மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு; அதுவரை மெரின் சும்மா இருப்பாளா? கூண்டுக்குள் ஒவ்வொன்றாய் ஆட்டைத் தள்ளிவிட்டாள். ஸ்கேன்காரர் ரெக்ஸ் திரையைப் பார்த்து, இரட்டை என்றால் முதுகில் நீலப் புள்ளி, வயிறு காலி என்றால் சிவப்புக் கோடு என்று சாய டப்பாவால் அடித்தார். சிவப்பெல்லாம் சந்தை லாரிக்கு.

எட்டரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கேட்டாள். "சரி. நன்றி," என்று சொல்லிப் பைக்குள் போட்டாள். அடுத்த ஆட்டைத் தள்ளினாள்.

"இதுவும் காலி," என்று ரெக்ஸ் கோடு இழுத்தார்.

"அந்த டப்பாவ இப்படித் திருப்பு, ரெக்ஸ். என் முதுகுலயும் ஒண்ணு இழு. லாரி வர நேரமாச்சு."

ரெக்ஸ் கடகடவென்று சிரித்தார். பிறகு கூண்டுக் கதவருகே நின்ற டெஸ்ஸின் முகத்தைப் பார்த்தார். டப்பாவைக் கீழே வைத்தார்.

தேநீர் இடைவேளையில் மூன்று பேரும் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். பிஸ்கட்டைத் தொட யாருக்கும் மனமில்லை.

"என்னாச்சு மெரின்?" என்றார் ரெக்ஸ்.

"என்ன ஆகணும்? ரெண்டு சுத்துப் போனோம். ரெண்டுலயும் ஒண்ணுமே வரல. மருந்தத் தொட்டில கழுவி விட்டவளுக்கு வேற எப்படி இருக்கும்?"

டெஸ் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்:

"ஒண்ணு வந்துச்சு. நாலு நாள் இருந்துச்சு."